தள்ளிப் பிடித்த மூட்டை

சாயங்காலம் ஏழு பத்துக்குச் சந்து முனையில் அந்தப் பியானோ இசை கேட்டதும் நாங்கள் எல்லோரும் போட்டது போட்டபடி இறங்கி ஓடுவோம். ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் சமையல் கழிவு வாளி. மஞ்சள் லாரி நான்கு நிமிடம்தான் நிற்கும். விட்டுவிட்டால் அடுத்த நடை வரைக்கும் வீட்டிலேயே வைத்து நாறவேண்டியதுதான். தைவானின் வடக்கு முனையில், வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற இந்தத் துறைமுக ஊரில் நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.

அந்த லாரியின் பின்பக்கம் நிற்கிற பாவ்லியென் அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். இனிமேல் தள்ளிப் போடுவதாக இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. ஒன்பது வருஷமாக லாரியில் வேலை. ஒன்பது வருஷமும் தற்காலிகப் பணியாளர்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார். வீட்டுப் பைகளை நாங்களே லாரிக்குள் வீசிவிடுவோம். ஆனால் சாப்பாட்டுக் கடைத் தெரு, பூங்காத் தொட்டிகள், படிக்கட்டுச் சந்துகளில் இறங்கி வர முடியாத வயசானவர்களின் பைகள், இதெல்லாம் அக்கா தூக்கி எறியவேண்டியது. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்று ஒருமுறை கேட்டேன். எண்ணினால் தூக்க முடியாது என்றார்.

நானும் தோழிகளும் சந்தில் ஒரு பசுமைக் குழு நடத்துகிறோம். எங்கள் பைகளில் இரும்பு உறிஞ்சுகுழல், துணிப்பை, சொந்தக் கோப்பை எல்லாம் இருக்கும். மறுசுழற்சியில் எங்கள் நாடு உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்று எங்காவது செய்தி வந்தால் உடனே எல்லோருக்கும் அனுப்புவோம். இசை பாடும் குப்பை லாரியைப் படம் எடுக்க ஒருமுறை வெளிநாட்டு டிவிக்காரர்கள்கூட வந்தார்கள். அக்காவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அக்கா சிரித்தார். படம் எடுத்து முடித்ததும், கேமரா பேட்டரி தீர்ந்துபோனால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்தானே, இங்கே போடமாட்டீர்களே என்று கேட்டார். அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன், அக்கா ஏதோ பாராட்டியதாகச் சொல்லிச் சமாளித்தான்.

எங்கள் குழுவில் ஒருவராலும் முடியாததை அக்கா செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் ஒரு வாரக் குப்பை ஒரு கைப்பிடிப் பைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு நான் உருகிப்போய், எப்படி அக்கா, என்ன கொள்கை என்று கேட்டேன். கொள்கையும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். கடையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது நாளைக்குப் பைக்குள் எவ்வளவு கனக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறதாம். தோள் வலிக்கும். திரும்ப வைத்துவிடுவாராம்.

அந்த வலது தோள்தான் இந்தக் கதையில் எல்லாமும். மழைக்காலத்தில் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. நிரந்தரப் பணியாளராக ஆகிவிட்டால், மறுசுழற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பிரிக்கிற வேலைக்கு மாற்றிக் கேட்கலாம். தற்காலிகக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் தேர்வில் ஜெயிக்கவேண்டும். எங்கள் ஊரில் துப்புரவுத் தேர்வு என்றால் ஓட்டம். பெண்கள் பதினைந்து கிலோ மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு அறுபது மீட்டர் ஓடவேண்டும். முதலில் வருகிற ஐந்து பேருக்கு வேலை. தேர்வு எப்போதோ ஒருமுறைதான் வரும். அடுத்தது வருவதற்குள் தோள் முழுசாகப் போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும்.

போன வருஷம் வசந்தத்தில் தேர்வு அறிவித்தார்கள். லாரி ஓட்டுகிற ஆ-துங் அண்ணன் அக்காவை மீன்பிடித் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவருக்கு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போய், பதினைந்து கிலோ அரிசி மூட்டையைக் கொடுத்து ஓடச் சொன்னார். கைப்பேசியில் நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அக்கா மூட்டையை உடம்போடு சேர்த்துப் பிடிக்கவே இல்லை. கைகளை நீட்டி, தொடையில் படாமல், காலில் படாமல் தள்ளியே பிடித்துக்கொண்டு ஓடினார். அப்படிப் பிடித்தால் மூட்டை முன்னால் இழுக்கும், ஓட வராது. மார்போடு அணைத்துக்கொண்டால்தான் வேகம் வரும்.

"ஒன் புருஷனக் கட்டிக்கிற மாதிரி நெனச்சுப் புடி லியென்," என்றாராம் அண்ணன்.

"அப்படி நெனச்சா இன்னும் தூரமாத்தான் புடிப்பேன் அண்ணே."

இதை அண்ணன் எனக்குச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார்.

நிலாப் பண்டிகை அன்றைக்கு ஊரே வாசலில் கரி மூட்டிக் கறி சுடும். சுட்ட கறி தின்ற மூங்கில் குச்சிகளை எல்லாம் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டுவிடுவோம். ஆறு வருஷத்துக்கு முன்னால், பண்டிகைக்கு மறுநாள், அப்படி ஒரு பையை அக்கா தொடையோடு அணைத்துத் தூக்கியிருக்கிறார். இரண்டு குச்சி உள்ளே இறங்கிவிட்டது. ஒன்று உள்ளேயே முறிந்து, சீழ் வைத்து, பதினெட்டு நாள் படுக்கை. எழுந்து வந்ததிலிருந்து அவருடைய கைகள் எந்த மூட்டையையும் கிட்டே விடுவதில்லை. தள்ளிப் பிடித்துப் பிடித்துத்தான் தோளும் போனது.

அந்தப் பை எங்கள் சந்திலிருந்து போனதாம். யார் வீட்டுடையது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பண்டிகைக்கு எங்கள் வீட்டிலும் கறி சுட்டோம்.

அக்கா ஆறு வாரம் தினமும் ஓடினார். அணைத்துப் பிடிக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தது. கைகளுக்குத்தான் தெரியவில்லை. தேர்வு நாளில் நான் போயிருந்தேன். தூறல். மைதானத்தில் நூற்றைம்பது பெண்கள், பாதிப் பேர் உடற்பயிற்சிக் கூடத்தில் மாதக்கணக்கில் பழகியவர்கள். எல்லோரும் உடம்பைச் சூடு பண்ண முட்டி உயரத்துக்குக் குதித்துக்கொண்டிருக்க, அக்கா ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் லாரியில் முழு வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

விசில் ஊதினதும் மார்போடு அணைத்துத்தான் கிளம்பினார். பாதி தூரம் வரைக்கும் நன்றாக ஓடினார், நான் கத்தினேன். அப்புறம் மூட்டை லேசாக நழுவித் தொடையில் தட்டியது. அவ்வளவுதான். கைகள் தாமாக நீண்டுவிட்டன. மிச்ச தூரம் முழுக்க அந்த மூட்டை அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது, இவர் அதன் பின்னால் போனார்.

கோட்டுக்கு அந்தப்பக்கம் நேரம் குறித்துக்கொண்டிருந்த இளைஞன் பரிவோடு, "இதுக்கு முன்னாடி மூட்டை தூக்கிப் பழக்கம் உண்டா அக்கா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்," என்றார் அக்கா.

ஏழாவது இடம். ஐந்து பேருக்கு வேலை, அடுத்த இரண்டு பேர் காத்திருப்போர் பட்டியலில். ஆறு மாதத்துக்குள் யாராவது விலகினால் பட்டியலில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள். ஆறு மாதம் முடிந்துவிட்டால் பட்டியல் செத்தது. ஜூனில் ஒரு பெண் நாற்றம் தாங்காமல் விலகிப் போனாள், ஆறாவது ஆளைக் கூப்பிட்டார்கள். இப்போது அடுத்த பெயர் பாவ்லியென். இன்னும் ஒரே ஒருத்தி விலகினால் போதும்.

தேர்வில் நான்காவதாக வந்தவளைச் செப்டம்பரில் அக்காவுடைய லாரியிலேயே போட்டார்கள். பெயர் யுன்ரோ, இருபத்தெட்டு வயது. செல்போன் கடையில் வேலை பார்த்தவள், கடையை மூடிவிட்டார்கள். அம்மாவும் மூன்று வயசுப் பெண் குழந்தையும் இவள் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். நல்ல பெண். லாரியில் ஏறின முதல் நாளே எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள், அவரவர் கோப்பையில். தேர்வில் எப்படித் தூக்கினாளோ அப்படியே குப்பை மூட்டையையும் மார்போடு அணைத்துத் தூக்கினாள். வேகமாகத் தூக்கினாள். மேற்பார்வையாளர்கூட மெச்சினார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. சோர்வாக இருந்தது, பேசுவதற்கே சோர்வாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

நிலாப் பண்டிகை வந்தது. பட்டியல் முடிய இன்னும் பதினோரு நாள். பண்டிகை அன்று சாயங்காலம் ஷெட்டில் கையுறை கழற்றும்போது ஆ-துங் அண்ணன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவரே வெட்கப்பட்டுக்கொண்டு எனக்குச் சொன்னது இது.

"நாளைக்குப் பூங்கா. தெரியும்ல, குச்சி மழையே பெய்யும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். வாய மூடிக்கிட்டு இரு, போதும்."

அக்கா கையுறையைக் கொடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை பூங்காவைச் சுத்தம் பண்ண எங்கள் குழுவும் போனது. ஆற்றோரமாக மதில் மாதிரி பைகள். கரி, எலும்பு, கிளிஞ்சல், பீர் டப்பா, எல்லாம் ஒரே பைக்குள். வருஷம் முழுக்க ஆறு விதமாகப் பிரித்துப் போடுகிற ஊர் அந்த ஒரு ராத்திரி மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மழை விட்டிருந்தது. அக்கா ஒவ்வொரு மூட்டையாக, கையை நீட்டி, மெதுவாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யுன்ரோ இரண்டாவது வரிசைக்குப் போய்ப் பெரிய மூட்டை ஒன்றைக் குனிந்து பிடித்தாள்.

அக்கா நின்றார். நான் ஒரு பத்தடி தள்ளி இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். அக்காவுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையிலேயே அசந்துபோயிருந்த முகம், அவ்வளவுதான். வண்டிக்குள் இருந்து ஆ-துங் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"யுன்ரோ, அணைக்காத. தள்ளிப் புடி."

குரல் உயரவே இல்லை. யுன்ரோ குனிந்த வாக்கிலேயே திரும்பினாள். "இப்படிப் புடிச்சுத்தான்க்கா நான் பாஸ் பண்ணேன்."

"அதுல வெறும் மணல் இருந்துச்சு."

யுன்ரோ ஒரு கணம் யோசித்தாள். பிறகு மூட்டையைக் கை நீட்டித் தூக்கினாள், அந்தப் பழக்கம் இல்லாததால் தடுமாறினாள். மூட்டை சாய்ந்தது. அவள் மார்பில் பட்டிருக்கக்கூடிய பக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு ஐந்தாறு மூங்கில் குச்சிகள் எட்டிப் பார்த்தன. கரி பிடித்த முனைகள். அவள் அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா அதற்குள் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டிருந்தார். வண்டியிலிருந்து ஆ-துங் அண்ணன் தேவையே இல்லாமல் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

பத்து நாள் கழித்து, பட்டியல் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அக்காவைச் சந்து முனையில் பிடித்துக் கேட்டுவிட்டேன். ஏன் சொன்னீங்க அக்கா? எனக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அவளுக்குக் குத்திட்டா பதினெட்டு நாள் லீவு போடுவா," என்றார். "அவ மூட்டையையும் நான்ல தூக்கணும். அதுக்கப்புறம் ஒரு நல்ல எடம் கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன? இந்தத் தோளு தாங்காது."

நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். இன்னொரு பாதியை அவர் சொல்ல மாட்டார், அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

யுன்ரோவுக்குப் பட்டியல் விஷயம் அதுவரைக்கும் தெரியாது. ஆ-துங் அண்ணன் அவளிடம் உளறிவிட்டார். அவள் அக்காவிடம் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது? நன்றி என்று சொன்னால் அது எதற்கான நன்றி என்று ஆகிவிடும்.

பட்டியல் முடிந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் நல்ல மழை. ஏழு பத்துக்கு இசை கேட்டது, இறங்கி ஓடினேன். எங்கள் வீட்டுக் குச்சிகளை ஒரு காலிப் பால் அட்டைப்பெட்டியில் போட்டு நாடா ஒட்டித் தனியாகக் கொண்டுபோயிருந்தேன். சந்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகள் அப்படிச் செய்கின்றன. அக்கா பெட்டியை வாங்கிக் காதோரம் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், உள்ளே கலகலவென்றது. லாரிக்குள் போட்டார். நல்லது என்றோ, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்றோ சொல்லவில்லை.

படிக்கட்டுச் சந்தின் கீழே, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த வயசானவர்களின் பைகள் வரிசையாக இருந்தன. அக்கா அவற்றை நோக்கி நடந்தார். அவருக்கு முன்னால் யுன்ரோ போய், கை இரண்டையும் நீட்டி, உடம்பில் படாமல், முதல் இரண்டு பெரிய மூட்டைகளையும் எடுத்துக்கொண்டாள். இப்போது நன்றாகப் பழகியிருந்தது. மூன்றாவதையும் அவளே எடுத்தாள். நான்காவதையும் எடுத்தாள்.

ஒன்பது வருஷத்தில் தன் மூட்டையைத் தொட அக்கா யாரையும் விட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு விட்டார். லாரியின் பின்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை அப்படியே தொங்கவிட்டபடி, வெறுங்கையோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். ஜனவரியில் மறுபடியும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, வண்டி நகர்ந்தது.