கந்தளாய் வீதி மூடவில்லை

எங்கள் பாட்டுக் குழுவை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் திருகோணமலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அது ஏன் உடைந்தது என்று கேட்டால், பாடகன் கொழும்புக்கு றெக்கோடிங் போகவேண்டிய நாளில் கடலுக்குப் போய்விட்டான், அதனால் உடைந்தது என்பார்கள். அந்தக் கதையைச் சொல்லிவைத்தவன் நான்தான். அது முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. ஆனால் அதற்குள் ஒரு பொய் இருக்கிறது. எழுபது வயது தாண்டிய பிறகு அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. சந்தைக்குப் பக்கத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஒருவனுக்குக் கனடாவிலிருந்து அண்ணன் ஒரு கசெற் அனுப்பியிருந்தான். அதில் இருந்த பாட்டுகள் எல்லாம் தலைதெறிக்க ஓடின. ஒவ்வொன்றிலும் கிற்றாரில் மூன்று கோட்ஸ்தான், ஒன்றும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. பாடுகிறார்களா, சண்டை பிடிக்கிறார்களா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கடைக்காரன் கிற்றார் வாசிப்பான். என்னிடம் பழைய பேஸ் கிற்றார் ஒன்று இருந்தது. அதைத் திருத்தக் கொடுக்கப் போன இடத்தில், “அண்ணை, இதைத் திருத்தித் தாறன், ஆனா எங்களோட நிண்டு வாசிக்கவேணும்” என்று மறித்துவிட்டான். அவன் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். நான் துறைமுகப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் வேலை பார்த்தேன். இளவயதில், எழுபதுகளில், பெல்பொட்டம் போட்டுக்கொண்டு பொப் பாட்டுப் பாடியவன். அன்று நான்தான் முன்னால் நின்று பாடுபவன். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ட்றம்ஸ் அடித்தவன் பேக்கரியில் வேலை செய்தான். மா பிசைந்து பழகிய கை என்பதால் களைக்காது. பாடகனைக் கூட்டிவந்தவனும் அவன்தான். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீனவன், இருபத்திரண்டு வயதிருக்கும். பேக்கரி முதலாளி வீட்டுக்கு மீன் கொண்டுவரும்போது விலையைக்கூட மெட்டோடு சொல்வானாம். கடையில் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். “என்ன மாதிரி அண்ணை? கோயிலுக்கோ, கலியாணத்துக்கோ?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் ட்றம்ஸ்காரன், “கோவத்துக்கு” என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று தன் முறை வரும்போது பீப்பாய் காலியானதைப் பாடினான். பாட்டு அந்த இடத்திலேயே உருவானது. குரல் மேலே போகும்போது உடைந்தது. உடைந்த இடத்தில்தான் கேட்பவனுக்கு மயிர் கூச்செறிந்தது. கிற்றார்காரன் மூன்று கோட்ஸை அதன் கீழே போட்டான். குழு தொடங்கியது அவ்வளவுதான்.

பெயர் ஒன்று வைத்தோம். அது இங்கே வேண்டாம்.

ஒரு வருடத்துக்குள் உப்புவெளி, சாம்பல்தீவு, நகரம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில் இருக்கவேண்டிய யுத்த காலம் என்பதால் எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நடந்தன. மேடையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சனம் குடை பிடித்துக்கொண்டு நின்று கேட்கும். பாதியில் கரண்ட் போனால் கிற்றார் இரண்டும் செத்துவிடும். பாடகனும் ட்றம்ஸ்காரனும் நிறுத்தமாட்டார்கள். அப்போதுதான் சனம் சேர்ந்து பாடும். கரண்ட் வந்தால்கூடச் சிலர் “கரண்டை நிப்பாட்டி வையுங்கோ” என்று கத்துவார்கள்.

அவர்கள் சேர்ந்து பாடியது மீன் பாட்டை. சல்லிக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் மாலையில் நேவிக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, இலக்கம் போட்ட தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு போகவேண்டும். காலையில் தகட்டைக் கொடுத்து அட்டையை வாங்கவேண்டும். அதை வைத்து அவன் கட்டிய பாட்டு:

பாரைக்கும் அட்டை இல்லை
சூடைக்கும் அட்டை இல்லை
எனக்கு மட்டும் ஏன்ரா அட்டை?

‘ஏன்ரா’ வரும் இடத்தில் குரல் உடையும். சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. ட்றம்முக்குள் ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்கு அதை இறக்கி வாசித்துக் காட்டவேண்டும். ஆனபடியால் எங்கள் முதல் கச்சேரி எப்போதும் வீதியோரத்தில்தான். பாடகன் அங்கேயும் மீன் பாட்டையே எடுத்தான். நான் சிப்பாய்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு சிப்பாய் மணல்மூட்டையில் தாளம் தட்டிக்கொண்டே இது எதைப் பற்றிய பாட்டு என்று என்னிடம் கேட்டான். மீனைப் பற்றியது என்று சிங்களத்தில் சொன்னேன். நல்லது, போங்கள் என்றான். வானில் ஏறியதும் பாடகன், “என்ன அண்ணை சொன்னனீங்கள்?” என்றான். சொன்னேன். “பொய் சொல்லத் தெரியாத ஆள்” என்று ட்றம்ஸ்காரன் என் முதுகில் தட்டினான்.

அவர்கள் என்னை அப்படித்தான் நம்பினார்கள். எனக்குச் சிங்களம் தெரியும். காரியாலயத்தில் இருந்ததால் எந்த வீதி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்ற செய்தி எனக்கு முதலில் வரும். நான் போகலாம் என்றால் வான் புறப்படும், ஏலாது என்றால் நிற்கும். யாரும் இன்னொருவரிடம் கேட்டுப் பார்ப்பதில்லை.

உப்புவெளிக்கு உறவினரைப் பார்க்க வந்திருந்த வானொலிக்காரர் ஒருவர் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டார். மீன் பாட்டைக் கொழும்பில் ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்பலாம் என்று நாள் குறித்துத் தந்தார். பாடகனுக்குப் பயண அனுமதி எடுக்க நானே அலைந்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. இருந்தது என்ன என்றால், நல்ல மைக் ஒன்றின் முன்னால் நிற்கும் ஆசை. ஒத்திகையில் அவன் வரப் பிந்தும் நாட்களில் அவன் பாட்டுகளை நான் பாடுவேன். சுருதி சுத்தமாக இருக்கும். மற்ற இருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அவன் கடலுக்குப் போனான். மீன் நன்றாகப் படும் நாட்கள். வீட்டில் உழைப்பவன் அவன் ஒருவன்தான். விடியக் கரைக்கு வந்து, அட்டையை வாங்கிக்கொண்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தான். நாங்களும் ஓம் என்றோம். ஒலிப்பதிவு புறப்படும் நாளுக்கு மறுநாள் காலை என்பதால் அவசரம் இல்லை.

காலையில் றேடியோக் கடை வாசலில் வானை நிறுத்திக் காத்திருந்தோம். அவன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். உடம்பில் உப்பு காயவில்லை. கையில் அட்டைக்குப் பதிலாகத் தகடு இருந்தது. காவலரணில் ஆள் மாறிவிட்டதாம். அட்டைகளைப் பூட்டிவைத்திருக்கும் பெட்டியின் திறப்பை வைத்திருப்பவன் மத்தியானம்தான் வருவானாம். அட்டை இல்லாமல் முதல் சாவடியையே தாண்டமுடியாது.

“மத்தியானம் வரைக்கும் நில்லுங்கோ அண்ணை. எடுத்துக்கொண்டு ஓடி வாறன்” என்றான்.

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கப்படி.

“ஏலாது தம்பி” என்றேன். “கந்தளாய் றோட்டு இண்டைக்குப் பத்து மணியோட மூடுறாங்கள். கந்தோரில சொன்னவங்கள்.”

காரியாலயத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வீதி பின்னேரம் வரை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பொய்யை நான் முதலே யோசித்து வைத்திருக்கவில்லை. அவன் கையில் தகட்டைக் கண்டதும் அது தானாக வாயில் வந்தது. வந்த பிறகு நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை. ட்றம்ஸ்காரன் அவன்மேல் எரிந்து விழுந்தான். “ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடலுக்குப் போகாட்டி மீன் எல்லாம் செத்துப்போயிடுமோ?” என்றான். பாடகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் புறப்பட்டோம். கந்தளாயில் வீதியோரக் கடையில் பத்து மணி தாண்டித் தேநீர் குடித்தபோது எதிர்ப்புறமும் எங்கள் புறமும் வாகனங்கள் போய்க்கொண்டே இருந்தன. மற்ற இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கொழும்பில் நான் பாடினேன். அட்டை என்ற சொல் ஒரு மாதிரி இருக்கிறது என்று வானொலிக்காரர் தயங்கினார். நான் உடனே வேறு சொல் போட்டுக் கொடுத்தேன். பேச்சுத் தமிழையும் கொஞ்சம் திருத்தினேன். கிற்றார்காரன் மட்டும், “அவனைக் கேக்காமலோ?” என்றான். நேரம் இல்லை என்றேன். இரண்டாம் முறையிலேயே பதிவு முடிந்துவிட்டது.

பாட்டு ஒலிபரப்பானது. சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு உப்புவெளியில் ஒரு கோயில் திருவிழாவில், வானொலிப் புகழ் என்று சொல்லி எங்களை மேடையேற்றினார்கள். மீன் பாட்டுக்கு நேரம் வந்ததும் பாடகன் மைக்கை என்னிடம் நீட்டினான். “நீங்கள் பாடுங்கோ அண்ணை. சனம் றேடியோவில கேட்டது உங்கட குரலைத்தானே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மறுத்திருக்கவேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். அவன் இறங்கிப்போய்ச் சனத்துக்குள் நின்றான். நான் பாடினேன். கை தட்டினார்கள். ஆனால் யாரும் சேர்ந்து பாடவில்லை. முடிந்ததும் பாடகன் வழக்கம்போல ட்றம்மைத் தூக்கி வானில் ஏற்ற உதவிவிட்டு, பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். அதன்பின் ஒத்திகைக்கு வரவில்லை. ட்றம்ஸ்காரன் இரண்டு தரம் சல்லிக்குப் போய்க் கூப்பிட்டான். மூன்றாம் தரம் போகவில்லை. அவன் இல்லாமல் எங்களுக்கு அழைப்பும் குறைந்தது. வருடம் முடிவதற்குள் கிற்றார்காரன் கனடா போய்விட்டான்.

யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக்கில் பாடகனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னான். நம்பருக்காகக் காத்திருந்தபடி பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, அன்றைக்கு வீதி மூடவில்லை என்று சொன்னேன்.

“தெரியும் அண்ணை” என்றான். “அண்டைக்கு அட்டையை எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில நானும் வந்தனான்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவன் இரவு கொழும்பு போய்ச் சேர்ந்து, தெரிந்த ஒருவருடைய மீன் கடையில் படுத்து, காலையில் வானொலி நிலையத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததால் உள்ளே விடவில்லை. வெளியே ஒரு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டிருக்கிறது.

“சுதி விலகேல்லை” என்றான். “ஆனா பாட்டில கோவம் இல்லை. முடியுமட்டும் நிண்டு கேட்டுப்போட்டுப் பஸ் ஏறினனான்.”

ஏன் அப்போதே மற்ற இருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவர்கள் உங்களை அடித்திருப்பார்கள் என்று சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்:

“ஒண்டு மட்டும் அண்ணை. நான் கடலுக்குப் போய்த்தான் குழுவைக் குழப்பினதெண்டு என்ரை பிள்ளையளே இப்ப சொல்லுதுகள். ஊரில கேட்டுப்போட்டு வந்து சொல்லுதுகள். நான் அதுகளுக்கு என்னத்தைச் சொல்ல?”

அவனுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.

அதற்குப் பிறகும் நான் பேசாமல்தான் இருந்தேன். கனடாவிலிருந்து கிற்றார்காரன் எப்போதாவது போன் எடுப்பான். பழங்கதை வந்தால், பாடகன் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று தொடங்குவான். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ட்றம்ஸ்காரன் இப்போது சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறான், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அவனும் அதையே சொல்கிறான். பாண் வாங்கப் போகும்போதெல்லாம் அவன் கதையைக் கேட்டுவிட்டு, பாணோடு திரும்பி வந்துவிடுகிறேன்.

இதை அவர்கள் அச்சில் வாசித்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. பாடகன் கொழும்புக்கு வந்தான், அட்டையோடு வந்தான், கதவுக்கு வெளியே நின்றான் என்பதை என் வாயால் சொல்லவேண்டும். முதலில் பேக்கரிக்குப் போகிறேன். அங்கிருந்தே கனடாவுக்குப் போன் எடுக்கச் சொல்வேன். பிறகு சல்லிக்குப் போய், அவன் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர்களுக்கு முன்னால் சொல்லவேண்டும்.