கப்பலை வெட்டிய படம்

என் அக்கா மோகனப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அம்மாவுக்கு வந்தால் பூம்புகார்க் கரை முழுக்கக் கேட்கும்.

அக்கா தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்களைப் பார்த்து, கடலில் எங்கே எண்ணெய் கொட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. அவள் எனக்கு முதலில் காட்டிய படம் அச்சு அசல் ஆஸ்பத்திரி ஸ்கேன். "கடலுக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டு மண்டையில் குட்டு வாங்கினேன். குட்டிவிட்டுச் சொல்லியும் கொடுத்தாள். அலை இருந்தால் படம் சாம்பல். எண்ணெய் படர்ந்தால் அலை அடங்கி, அந்த இடம் கறுப்பு. காற்றே இல்லாவிட்டாலும் கறுப்புதான். வம்பு அங்கேதான்.

ஒரு ஆடி மாதக் காலை. பூம்புகாருக்கு நேரே படத்தில் நீளமாகக் கறுப்புக் கோடு, நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி என்றால் கப்பல். போகிற போக்கில் கழிவெண்ணெயைத் திறந்துவிட்டிருக்கிறான்.

மேலாளர் ராஜசேகர், "காத்து இல்லாத இடம்மா, அப்படியே எழுதிடு" என்றார். அறிக்கை கேட்டது அரசு அலுவலகம்; ஆனால் கப்பல் கம்பெனிகளும் அவருக்கு வாடிக்கை.

அக்கா அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா கரையில் மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்க காத்து அடிக்குதாம்மா?"

"முந்தானை தோள்ல நிக்க மாட்டேங்குது. ஏன்டி?"

"கடல்ல எண்ணெய் கொட்டியிருக்கு. மீன்புடி போட்டு எதையும் கடலுக்குள்ள விடாதீங்க, வலை நாசமாயிடும். நான் அறிக்கை எழுதணும்."

"போட்டையெல்லாம் நான் சொல்லி நிறுத்திக்கிறேன். நீ எழுதித் தொலைக்காத! எண்ணெய்னு சொன்னா நம்ம மீன எவன் வாங்குவான்?"

மேலாளரும் பெற்றவளும் ஒரே பொய்யைக் கேட்டார்கள். அக்கா எண்ணெய் என்றே எழுதினாள். துறைமுகத்துக் காற்றுக் கணக்கும் அம்மாவின் முந்தானையோடு ஒத்துப்போனதால் ராஜசேகரால் மறுக்க முடியவில்லை. படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டினார். வெள்ளைப் புள்ளி போயிற்று. மிச்சம் பூம்புகாரும் கறுப்புக் கோடும்.

"கப்பல் எங்க சார்?"

"எண்ணெய் இருக்கான்னுதானேம்மா கேட்டாங்க?"

அக்காவின் குரல் இறங்கியது. "அப்ப எண்ணெய எங்கம்மா ஊத்துனாங்களா?"

வெட்டாத படத்தை அரசு அலுவலகத்துக்கு அனுப்பினாள். அம்மாவின் போனுக்கும் ஒன்று. அன்றே வேலை போயிற்று.

மறுநாள் அம்மாவோடு நானும் மயிலாடுதுறை மார்க்கெட்டுக்குப் போனேன். அதற்குள் சேதி பரவி, அம்மாவின் கூடைப் பக்கம் யாரும் வரவில்லை. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூம்புகார் மீனா? எண்ணெயாமே!" என்றாள்.

அக்காவுக்கு இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அம்மா போனை எடுத்து அந்த மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இந்தப் புள்ளியப் பாரு. ஊத்துனவன் இவன். இவனப் புடிச்சுக் குடுத்து எம்பொண்ணு வேலையே போயிடுச்சு. மூக்க அவங்கிட்டப் போயி பொத்து! இது எண்ணெய் கொட்டுறதுக்கு முன்ன புடிச்ச மீனு."

ஒன்றும் விற்கவில்லை. அந்தக் கப்பல் யாருடையது என்று இதுவரை எவரும் சொல்லவில்லை. அம்மா அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சாப்ட்டியா? சாப்ட்டுட்டு அந்தப் படத்தப் பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாடி. போன்ல ஒருத்திக்கும் கண்ணு தெரியல."