மேஜைக்கு அடியில் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் எங்களுக்கு முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் டியூப்லைட். ஒரு ஜோக் சொன்னால், எல்லோரும் சிரித்து முடித்துக் கை கழுவப் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதற்கும் மறுநாள்தான் தலையை ஆட்டினார் என்று அக்காவே சொல்வாள். இப்படிப்பட்டவர் ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவில் லைட்மேன். பட்டப்பெயர் வைக்க நாங்கள் ரொம்ப மெனக்கெடவில்லை.

டிவியில் வேலை என்றால் தெருவில் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனால் எத்தனை தொடர் வந்தாலும் அத்தான் முகம் மட்டும் வராது. கதாநாயகியின் மூக்கில் விழுகிற வெளிச்சம் அவர் போட்டதுதான் என்று அக்கா பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவாள். அவர்கள் மூக்கைப் பார்ப்பார்களே தவிர வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கிண்டல் பண்ணியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

அக்காவுக்குக் கண் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. முதலில் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வைத்த டம்ளர் தெரியவில்லை. இதற்கு மருந்தில்லை, இருக்கிறவரை இருக்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சட்டென்று லைட்டைப் போட்டால் அவளுக்கு ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அதனால் அத்தான் படுக்கையறையில் ஒரு குண்டு பல்பை மாட்டி, ஃபேனுக்கு வைப்பதுபோல அதற்கு ஒரு ரெகுலேட்டர் வைத்தார். வேலை முடிந்து வந்ததும் அறை வாசலில் நின்று அதைத் திருப்புவார். முதலில் உள்ளே இருக்கிற கம்பி மட்டும் சிவக்கும். அங்கே கொஞ்சம் நிறுத்துவார். அப்போதே அக்கா "வந்துட்டீங்களா" என்பாள். பிறகு சுவர், கட்டில் கால், போர்வை, அக்காவின் கை என்று ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து கிளம்பி வரும். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தூக்கம் கலைந்தும் கலையாமலும் இருக்கிற மாதிரி தோன்றும். அவர் பதில் சொல்வதற்குள் அறை முழுக்க வெளிச்சம் வந்துவிடும்.

ஒரு நாள் அக்கா கேட்டாள். "முழுசா இருட்டறதுக்குள்ள ஒரே ஒரு தடவ உங்கள டிவில பாத்துடணுங்க."

அன்றைக்கு ஒன்றும் சொல்லாதவர், அடுத்த நாள் போய் டைரக்டர் முன்னால் நின்றார். அப்போது அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு விண்வெளித் தொடர், வாரம் ஒரு கதை. அந்த வாரத்துக் கதையில் தூரத்து நட்சத்திரம் ஒன்று எரிய மறந்துவிடுகிறது. காலத்தைத் தாண்டிப் போகிற கப்பல் ஒன்று, பழைய காலத்துக் கண்டுபிடிப்பாளர்களை அவரவர் வீட்டிலிருந்து தூக்கி வருகிறது. பல்பு செய்தவர், தொலைபேசி செய்தவர், விமானம் செய்த அண்ணன் தம்பி, எல்லோரும் ஒட்டுமீசையும் தாடியுமாக ஒரே கப்பலில். அண்ணனும் தம்பியும் கப்பலுக்கு இறக்கை எங்கே என்று தேடுகிறார்கள். தொலைபேசிக்காரர் வீட்டுக்குப் பேச வேண்டும் என்கிறார், எடுக்க வேண்டியவர்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பல்புக்காரர் மட்டும் வாயே திறக்காமல் இருட்டில் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, அதன் மேல் இருக்கிற பல்பை நோக்கிக் கையை நீட்டுகிறார். அவர் பல்பு எரிந்தால் அதைப் பார்த்து நட்சத்திரத்துக்கு ஞாபகம் வரும். இதில் லாஜிக் கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இப்போது கேட்பதில்லை.

அந்த மேஜைக்குப் பின்னால் கப்பல் மெக்கானிக்காக நிற்க அத்தானுக்கு ஒரு வெள்ளிக் கோட்டு கொடுத்தார்கள். வசனம் கிடையாது, நின்றால் போதும். மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு பல்பை எரிய வைக்கிற வேலை இன்னொரு லைட்மேனுக்கு. அந்த ஆள் ரெகுலேட்டரைத் திருப்பியதும் பல்பு பட்டென்று எரிந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் பட்டென்று. பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றாராம் டைரக்டர். அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கெஞ்சி, கோட்டைக் கழற்றி அந்த ஆளுக்கு மாட்டிவிட்டு, மேஜைக்கு அடியில் இவர் நுழைந்துவிட்டார்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்கு வந்ததே கோபம். "அக்கா உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு அத்தான். அந்த பல்பு எப்படி எரிஞ்சா உங்களுக்கென்ன?"

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார். "அப்படிப் போட்டா கண்ணு கூசும் மாப்ள."

வேறொரு வாரம் நின்றுகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். அக்காவின் கண் அதுவரை காத்திருக்கவில்லை. அந்தக் கதை ஒளிபரப்பாவதற்குள் முகங்கள் எல்லாம் போய்விட்டன, வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் அவளுக்கு மிச்சம். தான் கோட்டைக் கழற்றிய கதையை அவளிடம் சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா தலை வாரிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் மூக்கு உரசுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். அத்தான் அவளுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றார். நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். வெள்ளிக் கோட்டு தெரிந்ததும், அதோ அத்தான் என்று சொல்லிவிடுவது. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? பாவம், சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும்.

தாடிகள் வந்தன, பேசின, போயின. அக்கா அசையவே இல்லை. பிறகு நட்சத்திரம் அணைந்து திரை கறுத்தது. கூடத்திலும் நாங்கள் விளக்கு போட்டிருக்கவில்லை, நாங்கள் இருப்பது வீட்டிலா கப்பலிலா என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. மேஜையும் பின்னால் ஒரு கோட்டும் மங்கலாகத் தெரிந்தன. நான் பொய் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் இருட்டின் நடுவில் ஒரு கம்பி சிவந்தது. சிவந்து, அங்கே கொஞ்சம் நின்றது.

"வந்துட்டீங்களா" என்றாள் அக்கா, திரையைப் பார்த்து.

"வந்துட்டேன்" என்றார் அத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, உடனே.

வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறி அக்காவின் முகம் முழுக்கப் பரவியது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

"பாத்துட்டேங்க" என்றாள்.