கைப்பிரதியில் சேராத ஆறு அதிகாரங்கள்

முடியாது என்று சொல்லத் தெரியாதவன் தலையில்தான் பங்குப் பேரவை வேலைகள் எல்லாம் வந்து விழும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்கு, பங்கு மக்களே முழு விவிலியத்தையும் கையால் எழுதி, ஒரே புத்தகமாகக் கட்டிப் பீடத்தில் வைப்பது என்று முடிவானது. வீடு வீடாகத் தாள் கொடுத்துத் திரும்ப வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முட்டி வலி, ரத்தக் கொதிப்பு, பழைய ஸ்கூட்டர் மூன்றையும் இழுத்துக்கொண்டு நான்கு மாதம் அலைந்தேன்.

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டில், நல்ல மை கிடைக்கட்டும் என்று ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். ஒருவர், தனக்கு வெறும் வம்ச வரிசையாக வந்துவிட்டதென்று என்னோடு பேசுவதையே நிறுத்தினார். பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு வீட்டில் தாள் மேல் மீன் குழம்பு. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே நின்றேன். எப்போது தொலையும் என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

கடைசியாக வரவேண்டியிருந்தது ஆறே அதிகாரம் கொண்ட ஒரு சின்ன நூல். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை செய்யும் அம்மாவிடம் அதைக் கொடுத்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும். கணவர் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நூலின் பெயரும் அதிகார எண்ணும் போட்ட தாள்களை நீட்டி, “இத எழுதிக் குடும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு நல்ல வெயில்.

தாள்கள் வந்ததும் உட்கார்ந்து சரிபார்த்தேன். மூன்றாவது வசனத்திலேயே மில் வந்தது. “மில் சங்கு ஊதாத காலையில் என் புருஷன் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், ஆண்டவரே, நீர் பார்த்தீர்.” விவிலியத்தில் ஏது மில்? ஆறு அதிகாரமும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒழுங்காக எண் போட்டிருந்தார்.

நேரே போய்க் கேட்டேன். அவருடைய மகள் கல்யாணமாகி ஒரு புராட்டஸ்டன்ட் சபைக்குப் போனவள். அம்மாவின் பழைய விவிலியத்தை எடுத்துக்கொண்டு போய், தன் சபையில் கொடுத்ததை வைத்துவிட்டாள். நம்முடையதில் எழுபத்து மூன்று நூல், அவர்களுடையதில் அறுபத்தாறு. நான் கொடுத்தது அவர்களிடம் இல்லாத ஏழில் ஒன்று. கொடுக்கும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

“மொத்தமும் தேடிட்டேன் சார். மவளக் கேட்டா, அப்படி ஒரு புத்தகமே கெடையாதுன்னுட்டா. சரி, காணாமப் போனதத்தான் நம்மள எழுதச் சொல்றாங்க போலன்னு நெனைச்சேன். தெனம் வேல முடிஞ்சு வந்து உக்காந்து எழுதுனேன்.”

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“அஞ்சாவது அதிகாரம் படிச்சீங்களா சார்?”

படித்திருந்தேன். அவருடைய முதல் குழந்தை, பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகாததால் கோயில் பதிவேட்டில் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்ததாம். மனசுக்குள் வைத்த பெயரைப் புருஷனிடம்கூட அவர் சொன்னதில்லை. அதை இங்கே முதல்முறையாக எழுதியிருந்தார்.

“வேதத்துல பேரு இருந்தாப் போதும் சார். அப்புறம் ஆண்டவரு பாத்துக்குவாரு.”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பங்குச் சாமியார் முதல் தாளை மட்டும் பார்த்தார். “இதச் சேக்க முடியாதுங்க. நீங்களே எழுதிடுங்க. தாள அந்தம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, பக்குவமாச் சொல்லுங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆளாளுக்கு எழுதிச் சேர்த்தால் அது விவிலியமாக இருக்காது. இரண்டே நாளில் ஆறு அதிகாரத்தையும் பார்த்து எழுதி முடித்தேன். பக்குவமாகச் சொல்வதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அந்தத் தாள்கள், பிழையாகிப்போன மற்ற தாள்களோடு ஒரே பையில் கிடந்தன. பைண்டிங்குக்குக் கொடுத்த அன்று, கோயிலில் மணியடித்துப் பெருக்கும் கோயில்பிள்ளையிடம் பையை நீட்டி எரித்துவிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஓடிப்போய்ச் சாம்பலைப் பார்த்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது.

மறைக்கல்வி வகுப்பில் பல வருஷம் பாடம் எடுத்தவன் நான். வேதத்திலேயே பேச்சு அடிபட்டும் நம் கைக்கு வராமல் போன மடல்கள் உண்டு என்று சொல்லிக்கொடுப்பேன். தேவையானதையெல்லாம் ஆண்டவர் காப்பாற்றிவிட்டார், தொலைந்தது தேவையில்லாதது என்று விளக்கம் வேறு. இப்போது அந்த விளக்கம் வாயில் வருவதில்லை. அவை எப்படித் தொலைந்திருக்கும் என்று மட்டும் தெரிகிறது. யாரோ ஒருவனுக்கு அசதியாக இருந்திருக்கும்.

திருவிழாப் பூசை முடிந்ததும், புத்தகத்தைச் சுற்றி நின்று ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைத் தேடினார்கள். அந்த அம்மா மகளையும் கூட்டி வந்திருந்தார். வரிசையில் அவர் முறை வந்தது. நூலின் பெயரைக் கண்டுபிடித்து, ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தார்.

“இது என் கையெழுத்து இல்லியே சார்.”

ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“போவுது வுடுங்க சார். நீங்க ஒருத்தராவது படிச்சீங்கல்ல. எம் புள்ள பேரு என்ன, ஒருக்காச் சொல்லுங்க.”

நீல மை, சாய்ந்த எழுத்து, அந்த வசனத்தின் எண் வரைக்கும் கண்முன் நின்றது. பெயர் வரவில்லை. மகள் என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அந்தப் பெயரை அவர் எனக்குச் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.