குரலை உயர்த்தாத ஏட்டையா

கம்பத்தில் என் மகளுக்குக் காது குத்திய அன்று காலையில்தான் அந்த ஏட்டையாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. தொப்பியைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, தள்ளிக்கொண்டு வந்தார்.

குழாய் ஒலிபெருக்கி கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான் வைக்கலாம் என்று அப்போதே உத்தரவு இருந்தது. ஆனால் சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்குத் தூரத்திலேயே பாட்டுக் கேட்க வேண்டாமா? காமயகவுண்டன்பட்டிச் சாலையைப் பார்த்துத் தென்னையில் குழாயைக் கட்டியிருந்தோம். அந்தச் சாலையில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து ஓடினேன். அவர் ஏதோ கேட்டார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"என்ன சொல்றீக ஏட்டையா?" என்று கத்தினேன்.

அதே மெல்லிய குரலில் மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் குரலை உயர்த்தவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே செட்டுக்காரரிடம், "அட, அதை அமத்துங்கண்ணே!" என்றேன்.

பாட்டு நின்றது. பள்ளிக்கூட மணி பந்தல்வரை கேட்டது.

"சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன்" என்றார்.

"இன்னும் இல்ல. புள்ளையோட மாமன் வரணும்."

"வருவாக. அவுகளுக்கு வழி தெரியாதாக்கும்?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பாட்டைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீர் சத்தமில்லாமல் வந்து இறங்கியது. மைத்துனர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று தடவையும் ஏட்டையா அதைத்தான் கேட்டாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.