செம்பூரில் குடித்த கறுப்பு பீர்

1946, ஒரு சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குத் தாராவியை விட்டுக் கிளம்பினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, இந்தப் பம்பாயில் தோல் சுமந்து, பதினோரு தொட்டி உள்ள தோல் பதனிடும் ஷாப்புக்கு முதலாளியானவன் நான். யார் முன்னாலும் தயங்கியதில்லை. அன்று மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஆர்டர் நின்று, பாதித் தொட்டி காலி. செம்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரை பூட்ஸ் கம்பெனிக்குத் தோல் வாங்குகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் என் ஆட்கள் முப்பது பேருக்கும் வேலை.

மாதுங்கா ஸ்டேஷனில் துரையின் குமாஸ்தா ராமநாதய்யர் காத்திருந்தார். துரைக்கும் எனக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்ல அவர்தான். குர்லாவில் வண்டி மாறினோம். அங்கிருந்து செம்பூர் இரண்டே மைல், டிக்கெட் ஓரணா. பக்கத்தில் இருந்த மராட்டியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

"நம்ம தோல் வாடைக்குத்தாம்வே இம்புட்டு இடம். காலை நீட்டி உக்காரும்" என்றேன்.

"நான் நின்னுண்டே வரேன்" என்றார் அய்யர்.

நாலரை மணிக்குப் பங்களா. நான் கொண்டுபோன தோலைத் துரை தொடக்கூட இல்லை. கப்பலில் வந்த பீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். பட்டாள காண்ட்ராக்டில் மஞ்சள் பீர் எத்தனையோ பார்த்தவன் நான். இது கறுப்பு. நுரைகூடப் பழுப்பு. எங்கள் பட்டைத் தண்ணீரேதான்.

தோலைப் பதனிட ஆவாரம்பட்டை ஊறப்போட்ட தொட்டியில் விரலை விட்டு, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவது எங்கள் வழக்கம். துவர்ப்பு போதுமா என்று நாக்குதான் சொல்லும். முப்பது வருஷப் பழக்கம், என்னை அறியாமல் விரல் கிளாசுக்குள் போய்விட்டது. நக்கினேன், புல்தரையில் துப்பினேன்.

துரையின் முகம் சிவந்தது.

"என்ன காரியம் ஓய் பண்ணினீர்? ஆசையா வச்சிருந்ததாம். வாயில வைக்கக்கூட லாயக்கில்லையான்னு கேக்கறார்" என்றார் அய்யர்.

ஆனாலும் விடுவேனா? "தொட்டியில விரலை விட்டு ருசி பாக்குற பழக்கம்வே. இதுல கருக வறுத்த தானியம் கெடக்கு. அதுக்கு மேல மரத்துச் சத்து எறங்கியிருக்கு. ரொம்ப நாளு பீப்பாயில கெடந்த சரக்குன்னு சொல்லும்."

அய்யர் சொன்னதும் துரை பாட்டிலைத் திருப்பிப் படித்தார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நிறையப் பேசினார்.

"ஒரு வருஷம் மரப்பீப்பாய்ல இருந்ததாம். செவ்வாய்க்கிழமை உம்ம தொட்டியில அவரும் விரலை விட்டுப் பார்ப்பாராம். அப்புறம்தான் ஆர்டர்."

"வரச் சொல்லும். பம்பாயில என் தொட்டி மாதிரி ஒண்ணு காட்டட்டும்" என்றேன்.

மிச்சத்தைக் குடித்தேன். முதல் வாய் வெறும் கசப்பு. அடுத்த வாயில் தீய்ந்த கருப்பட்டி மணம். ஈறு சுருங்கி இழுத்தது. பாதிக் கிளாசிலேயே காது சுட்டது.

"போதும் ஓய், உம்மை நான்தான் ரயிலேத்தணும்" என்றார், மூன்று கஜம் தள்ளி நின்ற அய்யர்.

ஆறரைக்குத் தாராவி. செருப்பைக்கூடக் கழற்றாமல் முதல் தொட்டியில் விரலை விட்டேன். ஈறு இழுக்கவில்லை. அடுத்த தொட்டியும் அப்படியே. பட்டை கிராக்கி என்று நாலு மாதமாகத் தண்ணீரைக் கூட்டச் சொன்னவன் நான்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கும் அதற்குப் பழகிவிட்டது. செம்பூர் போய் வந்த நாக்குக்கு அது கிணற்றுத் தண்ணீர்.

"தொரை என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்று மேஸ்திரி வந்தார்.

"செவ்வாக்கெழமை வாராரு. இருக்குற பட்டை மூட்டை அம்புட்டையும் கொட்டும்."

"அம்புட்டையும் கொட்டிட்டா அடுத்த மாசத்துக்கு?"

"அடுத்த மாசம் ஷாப்பு இருக்கணும்லா, கொட்டும்வே" என்று முதல் மூட்டையை நானே அவிழ்த்தேன்.