எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஜீப்

ஏலக்காய் டப்பாவைத் திறந்தால் மற்றவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு வாந்தி வரும். சும்மா சொல்லவில்லை. நேற்றுக்கூட மருமகள் டீக்கு ஏலக்காய் தட்டினாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். "அத்தைக்கு வயசாயிருச்சு" என்று அவள் என் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. வயசெல்லாம் காரணமில்லை, ஜீப்தான் காரணம்.

அறுபதுகளின் கடைசி. கம்பத்தில் புதிதாக ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்திருந்தது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய தைரியத்தில் நான் அங்கே கிளார்க். ஆனாலும் ஊருக்கு நானும் டீச்சர்தான். சேலை கட்டி அந்தக் கேட்டுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் டீச்சர். பள்ளிக்கென்று வண்டி கிடையாது. கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களில் ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டால் அது ஏலக்காய் மூட்டை ஏற்றப் போய்விடும். அந்த வாசனையும் பெட்ரோல் நெடியும் சேர்ந்து குடலைப் பிடுங்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜீப் ராயப்பன்பட்டி வரை போய்த் திரும்பும். அதற்கும் மேலே நாலு மைல் மண்பாதையில், மலையடிவாரத்தில் ஓர் ஊர். பேர் வேண்டாம், நான் செய்த காரியத்துக்கு இன்னமும் யாராவது கேள்வி கேட்டுவிடலாம். அந்த ஊர்ப் பஞ்சவர்ணம் அக்கா ஒருநாள் வாழைத்தார் லாரியில் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். மகள் செல்விக்கு ஏழு வயசு. ஊரில் இருந்தது ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம். அந்த வாத்தியாரும் மழை வந்தால் வரமாட்டார்.

"நான் அஞ்சாப்போட நின்னவ டீச்சர். பெரிய பள்ளிக்கூடம் தூரம்னு சொல்லிட்டாக எங்கய்யா. இவளையும் அப்பிடிச் சொல்லிறப்படாது" என்றார்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். நல்ல மனுஷிதான், ஆனால் கறார். "எட்டுப் பிள்ளைக சேத்துக் குடுங்க, ஜீப்பு மேல வரும். ஏழுன்னா ராயப்பன்பட்டியோட திரும்பிரும்" என்று சொல்லிவிட்டார். ஆக, செல்வியின் படிப்பு இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்து என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்ட வேண்டுமே.

அந்தக் கோடை முழுக்கப் பஞ்சவர்ணம் அக்கா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாராம், கல்யாணத்துக்கு அழைப்பது போல. ஒரு வீட்டில் நாய் துரத்தியிருக்கிறது. இன்னொரு வீட்டில், "இங்கிலீசு படிச்சா மாடு மேய்க்க வருவானா" என்று கேட்டிருக்கிறார்கள். அசரவில்லை. ஏழு வீட்டையும் பிடித்துவிட்டார்.

ஜூனில் பிள்ளைகளின் பேரை எழுத நான் ஜீப்பில் மேலே போனேன். போகிற வழியில் இரண்டு தரம் வாந்தி. இறங்கியதும் பஞ்சவர்ணம் அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். அந்த மோருக்காகத்தான் தேதியை மாற்றினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பாதி அதற்காகத்தான்.

நடந்தது இதுதான். பிள்ளைகளை எண்ணினேன், ஏழுதான் இருந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், தினமும் ஜீப்பில் அனுப்புவானேன் என்று முந்தின நாள்தான் பிள்ளை குட்டிகளோடு கம்பத்துக்கே குடிபோய்விட்டார். வசதி இருந்தது, போய்விட்டார். பஞ்சவர்ணம் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று இடுப்பிலிருந்த மகன் பாண்டியை இறக்கி வரிசையில் நிறுத்தினார். "எட்டு டீச்சர்."

அவனுக்கு நாலு வயசுதான் இருக்கும். அப்போதெல்லாம் பிறப்புச் சான்றிதழ் யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் அஞ்சு முடிந்தது என்று அர்த்தம். பாண்டியின் விரல் பாதி மண்டையிலேயே நின்றுவிட்டது. பஞ்சவர்ணம் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார், கையை இழுத்துப் பார்த்தார், அவன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

"அவுக அப்பாவுக்கே கை கட்டை டீச்சர்."

டிரைவர் அண்ணன் குமுளிக்காரர். என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தொட்டு டீச்சரே, ஞான் கண்டு" என்று மலையாளத்தில் சாட்சி சொன்னார், தொட்டுவிட்டானாம், அவர் பார்த்தாராம். நான் செல்வியைப் பார்த்தேன். புது ரிப்பனும் எண்ணெய் வழிகிற நெற்றியுமாக என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாகிவிட்டது. பாண்டியின் பிறந்த தேதியை ஒரு வருஷம் முன்னதாக்கி எழுதினேன்.

மறுநாளிலிருந்து ஜீப் மேலே ஏறியது. சின்னப் பிள்ளை இருக்கிறான், துணைக்குப் போ என்று என்னையும் தினமும் ஏற்றிவிட்டார்கள். செய்த பாவம் சும்மா விடுமா? பாண்டி என் மடியில் தூங்கிக்கொண்டே போவான், தூங்கிக்கொண்டே வருவான். அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் சிலேட்டில் இருக்கிற எழுத்தெல்லாம் செல்வியின் எழுத்து. படிப்பில் அவள்தான் முதல். அவள் சொல்லிக் கொடுத்தே இவனும் தேறினான்.

ஆறாம் வகுப்பில் செல்வி பெரியவளானாள். பதினாறு நாள் கழித்துப் பஞ்சவர்ணம் அக்கா தனியாக ஆபீசுக்கு வந்தார். "நாலு மைலு ஜீப்புல பொம்பளப்பிள்ள போக வேணாம்ங்காக அவுக அப்பா" என்றார். பாண்டிக்கும் அதே நாலு மைல்தான். அவனுக்கு மட்டும் அது யாருக்கும் தூரமாகத் தெரியவில்லை. ஜீப்பில் அப்போது பன்னிரண்டு பிள்ளைகள், எண்ணிக்கைக்கும் குறைவில்லை. போவதற்கு எழுந்த பஞ்சவர்ணம் அக்கா வாசலில் நின்று திரும்பினார்.

"ஏழு வீட்டச் சம்மதிக்க வச்சேன் டீச்சர். எங்க வீட்ட முடியல."

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் பாண்டிக்குப் பணி நிறைவு விழா. பெரிய அதிகாரியாக இருந்து, என் புண்ணியத்தில் ஒரு வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டான். ஊரிலேயே பந்தல் போட்டிருந்தான். காரில் கூட்டிப் போனார்கள், ராயப்பன்பட்டியிலிருந்து மேலே ஏறப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மண்பாதை தார் ரோடாகிவிட்டது. பள்ளிக்கூட பஸ்கள் வாசலுக்கே வருகின்றன, யாரும் தலையை எண்ணுவதில்லை. ஜீப் இல்லை, டிரைவர் அண்ணன் இல்லை, பஞ்சவர்ணம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது செல்வி. பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், அந்த ஜீப்பு எனக்காகத்தான வந்துச்சு?"

"ஆமா செல்வி. ஒனக்காகத்தான் வந்துச்சு."

"சத்தமாச் சொல்லுங்க. அங்கன மாலையோட நிக்கிறான்ல, அவனுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகத்தான் சொன்னேன். மைக்கில் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், அவனுக்குக் கேட்டிருக்காது.